ஆத்தா வந்த வீடு

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்க்கும் டிரஸ்ஸர் பரஞ்சோதி கதவைச் சாத்திவிட்டுத்தான் பார்த்தார். முருகையாவின் குறியில் புண். தொடையிடுக்கில் எலுமிச்சை அளவுக்கு அரையாப்புக் கட்டி.

"சுங்கைப் பட்டாணி டவுனுக்குக் கெழங்கு விக்கத்தானடா போன?"

முருகையா வேட்டியை இழுத்துக் கட்டினான்.

"ஜப்பான்காரன் வந்ததுலேருந்து மருந்தே இல்ல. வெள்ளைக்காரன் விட்டுட்டுப் போன சல்பா மாத்திரை கொஞ்சம் ஒளிச்சு வச்சிருக்கேன், தர்றேன். ஆனா ஒம் பொண்டாட்டி குணவதியையும் கூட்டிட்டு வா. ஒனக்கு மட்டும் குடுத்தா அவகிட்டேருந்து மறுபடி ஒட்டிக்கும்."

லயத்து வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் முருகையாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. வலிகூடப் பரவாயில்லை, பெண்டாட்டியிடம் எந்த முகத்தோடு சொல்வது? கள்ளுக்கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்காத உத்தமன் என்று பேர் வாங்கியவன் வேறு.

"என்னாங்க, காலை அகட்டி அகட்டி நடக்குறீங்க?" குணவதி நெற்றியைத் தொட்டாள். கொதித்தது.

"ஆத்தா பாத்திருக்கா. கீழ முத்து போட்டிருக்கு" என்று வாயில் வந்ததைச் சொன்னான்.

அறிவுகெட்டவன்! அம்மை கண்ட வீட்டில் மருந்து ஆகாது, வெளியாள் நுழையக் கூடாது என்பதெல்லாம் சொன்ன பிறகுதான் உறைத்தது. அதற்குள் வாசலில் வேப்பிலை செருகியாகிவிட்டது. மாத்திரைக்குக் குறுக்கே மாரியம்மனையே கொண்டுவந்து நிறுத்திவிட்டான்.

முகத்தில் ஒரு கொப்புளம்கூட இல்லையே என்று அவள் கேட்கவில்லை. புருஷன் சொன்னால் சரிதான் அவளுக்கு. அவனைத் "தாயே" என்று கூப்பிட்டாள். எங்கோ கெஞ்சி வாங்கிய பிடியரிசியை அவனுக்குக் கஞ்சியாக்கிவிட்டு, தான் மரவள்ளிக்கிழங்கைத் தின்றாள். காலையும் மாலையும் அவன் காலில் விழுந்து கும்பிட்டாள். அவன் கண்களை இறுக மூடிக்கொள்வான். நாண்டுகொண்டு சாகலாம் போலிருக்கும். புண்ணோ அகன்றுகொண்டே போனது.

ஒருநாள் கும்பிட்டு எழுந்தவள் தயங்கினாள். முகத்தில் வெட்கமும் பூரிப்பும்.

"தாயே, எம்மேலயும் எறங்கிட்டியே. அவருக்குப் பாத்த அதே எடத்துல."

இனியும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இவளும் அழுகிப்போவாள். முருகையா எழுந்து உட்கார்ந்தான். சுவரைப் பார்த்துக்கொண்டே, டவுனில் சந்துக்குள் இருந்த வீட்டையும் அந்தப் பெண்ணையும் டிரஸ்ஸர் சொன்னதையும் சொல்லி முடித்தான்.

"ஆத்தா இல்ல புள்ள. கெளம்பு, ஆஸ்பத்திரிக்குப் போவோம். ரெண்டு பேரும் மாத்திரை தின்னாத்தான் ஆறும்."

குணவதி உள்ளங்கைகளை முந்தானையில் அழுத்தி அழுத்தித் துடைத்தாள். எழுந்து வாசல்வரை போனவள் நின்றாள்.

"அப்போ இத்தன நாளா நான் யாரக் கும்பிட்டேன்?"