ரஸ்மினியின் மணி

பாலித் தீவின் கிழக்கே, மலையடிவாரத்து ஊரொன்றில், ரஸ்மினியின் தலைக்குள் அடிக்கும் மணி மூன்று தெரு தள்ளியும் கேட்கும். எரிமலை புகைந்த வருடம் பிறந்தவள் அவள். அங்கே பிறந்த குழந்தையின் கால் நூற்றைந்து நாள் மண்ணில் படக்கூடாது. யாராவது கையில் ஏந்தியபடியே இருக்கவேண்டும். ரஸ்மினியின் தாய் சாம்பல் மழையில் மூச்சுத் திணறிச் செத்தாள். ஊர் ஓடிய அவசரத்தில் பிள்ளை எங்கோ ஒரு முகாமின் சிமெண்டுத் தரையில் கிடந்தது. பெரியம்மா சுக்ரி தேடிக் கண்டுபிடித்துத் தூக்கியபோது அந்த நாட்களெல்லாம் கழிந்திருந்தன.

அன்றிலிருந்து கதவு சாத்தினால் மணி, தட்டு விழுந்தால் மணி. தொடங்கினால் பொழுது சாயும்வரை ஓயாது. வாத்துகள் முட்டையிட மறுத்தன. ஆறு வயதாகியும் அவள் அரைமணி நேரம் சேர்ந்தாற்போலத் தூங்கியதில்லை. பள்ளியில் ஓரெழுத்தும் மண்டையில் ஏறவில்லை.

"கைக்குழந்தையில யாரும் தூக்காம விட்டதுல இவ மூளை காவலுக்கு நின்னுடுச்சும்மா. ஆபத்து போயிடுச்சுன்னு அதுக்கு இன்னும் யாரும் சொல்லல," என்றார் டவுன் டாக்டர்.

பன்றி வளர்க்கும் சுக்ரி அதை அப்படியே எடுத்துக்கொண்டாள். விட்டுப்போன நூற்றைந்து நாளும் இப்போது தூக்குவது என்று முடிவு செய்தாள்.

"ஆறு வயசுக்கு எந்த ஊர்ல இந்தச் சடங்கு? இடுப்பு ஒடிஞ்சிடும் சுக்ரி," என்றார் பூசாரி.

"ஒடிஞ்சா என் இடுப்புதானே சாமி? நீங்க நாளைக் குறிங்க."

இருபது கிலோப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே பன்றிக்குத் தீனி வைத்தாள், அருவியில் குளித்தாள். அவள் கை மரத்தபோது பக்கத்து வீட்டுக்காரிகள் வாங்கிக்கொண்டார்கள். சுக்ரியைப் பார்த்துச் சிரித்தவர்கள்தான் முதலில் வந்தார்கள். வாத்தியார் ரஸ்மினியைத் தோளில் போட்டபடி பாடம் நடத்தினார். அறுபதாம் நாள் அவள் எடை மூன்று கிலோவாக இறங்கியது. கால்கள் மட்டும் தூக்குகிறவர்களின் முழங்காலுக்குக் கீழே தொங்கின. நர்ஸம்மா எடையைக் குறித்துக்கொண்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டாள். அவளை மாறி மாறிச் சுமந்த அந்தப் பெண்களைக் கும்பிடத் தோன்றுகிறது.

நூற்றைந்தாம் நாள் பூசாரி நீர் தெளித்து அவள் பாதங்களை மண்ணில் வைத்தார். இருபது கிலோவும் ஒரே நொடியில் திரும்பி வந்து தரை அதிர்ந்தது. உடனே மணி அடித்தது. சுக்ரியின் முகம் செத்துவிட்டது. மணி மூன்று முறை அடித்து, தானாக நின்றது. ரஸ்மினி பெரியம்மாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு விருந்துக் கூச்சலின் நடுவே பாயில் படுத்து, மறுநாள் உச்சிவெயில் வரை தூங்கினாள். ஊரார் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வீடு திரும்பினார்கள்.

இப்போது அவள் அதே பள்ளியில் டீச்சர். மணி இன்றும் மூன்று முறை அடிக்கும். பள்ளிக்கு வேறு மணி வாங்கவில்லை.