மெத்தை லாரியில் மாமா பேசியது

1

இந்தக் கதை எனக்கு என் அக்கா வீட்டுச் சமையலறையில் கிடைத்தது. நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். அக்கா ஒரு கையில் கரண்டியும் மறு கையில் இல்லாத ஸ்டீரிங்குமாக நின்று, நடந்ததை நடித்துக் காட்டிக்கொண்டிருந்தாள். அடுத்த அறையில் மாமா, அதாவது அக்காவின் கணவர், விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். தன்னைக் கேலி செய்கிற கதைக்கு ஒருவர் இவ்வளவு தாராளமாகச் சிரித்தால் அவர் எதையோ மறைக்கிறார் என்று எனக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. கண்ணெல்லாம் வெங்காயம்.

சில நாட்களுக்கு முன்புதான் ஒரு பத்திரிகை ஆசிரியர் கூப்பிட்டிருந்தார். "லாரி டிரைவருங்க வாழ்க்கையில நடக்குற சிரிப்பான விஷயமா ஒண்ணு எழுதிக் குடுங்க. உங்க வீட்டுலயே ரெண்டு பேர் இருக்காங்களாமே. அழ வெக்க மட்டும் வேண்டாம், அதுக்கு வேற ஆளுங்க வெச்சிருக்கோம்."

இரண்டு பேர் என்பது உண்மை. அக்காவும் மாமாவும் ஒரே லாரிக்கு இரண்டு ஓட்டுநர்கள். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள படுக்கையில் திரையை இழுத்துவிட்டுத் தூங்குவார். அதனால் வண்டி நாள்கணக்கில் ஓடிக்கொண்டே இருக்கும். "கல்யாணம் ஆனதுலேருந்து நாங்க ஒண்ணா தூங்கினதைவிட மாத்தி மாத்தித் தூங்கினதுதான் அதிகம்" என்பாள் அக்கா.

2

முதல் வரிக்கு நான் செய்த முயற்சிகளை மறைக்கப் போவதில்லை.

"நெடுஞ்சாலை ஒரு கரிய நதியைப் போல" என்று தொடங்கி அடித்துவிட்டேன். நெடுஞ்சாலை நெடுஞ்சாலையைப் போலத்தான் இருக்கும்.

"அன்று மதியம் அவள் ஒரு முடிவோடு வண்டியிலிருந்து இறங்கினாள், திரும்பிப் பார்க்கவே" இதுவும் வேண்டாம். அவள் இறங்கியது கழிவறைக்குப் போக.

"அவர்கள் பேசிக்கொள்ளவில்லை."

இது இருக்கட்டும். உண்மையில் எல்லாம் இதிலிருந்துதான் வந்தது.

3

ஏன் பேசிக்கொள்ளவில்லை என்றால், லாரிக் கம்பெனி மேலாளர் மாமாவைக் கூப்பிட்டு, "புது வண்டி ஒண்ணு வருது. உங்க வீட்டம்மா தனியா எடுத்து ஓட்டுவாங்களா?" என்று கேட்டிருக்கிறார். மாமா கொஞ்சமும் யோசிக்காமல், "அதெல்லாம் சரிப்பட்டு வராது சார்" என்று சொல்லிவிட்டார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் மூச்சுவிடவில்லை.

அக்காவுக்கு விஷயம் தெரிந்தது கிடங்கில், மெத்தை ஏற்றும்போது. "ஏம்மா, நல்ல வாய்ப்பாச்சே. வேணாம்னுட்டீங்களாமே" என்றார் மேலாளர்.

"வேணாம்னு நான் சொல்லலையே சார். யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அக்கா வண்டிக்கு வந்து ஏறிக் கதவைச் சாத்தினாள். அவள் சாத்திய விதத்திலேயே மாமாவுக்குப் புரிந்துபோயிற்று.

பிறகு இருவரும் பொருட்களோடு பேச ஆரம்பித்தார்கள். மாமா முன்கண்ணாடியைப் பார்த்து, "பின் டயர்ல காத்து கம்மியா இருக்கோ என்னவோ" என்பார். அக்கா ஸ்டீரிங்கைப் பார்த்து, "டீ வேணுங்கறவங்க இப்பவே இறங்கிக் குடிச்சுக்கலாம்" என்பாள். ஓட்டுநர் மாற வண்டியை நிறுத்தும்போது இருவரும் இறங்கி வண்டியை ஒரே திசையில் சுற்றி வருவார்கள், எதிரெதிரே வந்துவிடாமல் இருக்க. இதற்கு எவ்வளவு ஒத்துழைப்பு வேண்டும் என்று பாருங்கள். நன்றாகப் பேசிக்கொண்டிருக்கும் தம்பதிகளால் இது முடியாது.

4

வெயில் இறங்காத பிற்பகல். டீசல் போட நிறுத்தினார்கள். மாமாவின் முறை, அக்கா திரைக்குப் பின்னால் படுத்திருந்தாள். மாமா டீசல் போட்டுவிட்டு டீ குடிக்கப் போனார். அந்த நேரத்தில் அக்கா இறங்கிக் கழிவறைக்குப் போனாள். சாதாரண நாளாக இருந்தால், "போயிட்டு வந்துடறேன், இருங்க" என்று ஒரு குரல் கொடுத்திருப்பாள். அன்று குரல் கொடுக்கும் நிலைமையில் குடும்பம் இல்லை. போகும்போது பழக்கத்தில் திரையைச் சரியாக இழுத்துவிட்டிருக்கிறாள். செல்போன் தலையணைக்கு அடியில், சத்தம் வராமல் வைத்தபடி கிடந்தது.

மாமா வந்தார், திரையைப் பார்த்தார், கோபமாகத் தூங்குகிறாள் என்று நினைத்தார். வண்டியை எடுத்தார்.

அக்கா ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வெளியே வந்தபோது, தன் வீடு, வேலை, புருஷன், செருப்பில் நல்ல ஜோடி எல்லாம் சேர்ந்து சாலையில் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கொஞ்ச தூரம் ஓடினாள். "லாரியைத் துரத்தி ஓடுறது எவ்வளவு அபத்தம்னு ஓடும்போதுதாண்டி தெரியுது" என்று சமையலறையில் சொன்னாள். அடுத்த அறையில் மாமா சிரித்தார்.

5

இந்த இடத்தில் மீசை வருகிறார். அவருக்கு மீசை கிடையாது, அதனால்தான் அந்தப் பெயர். அதே கம்பெனியில் வேறு லாரி ஓட்டுகிறார். போன பயணத்தில் மாமாவை மேட்டில் முந்திக்கொண்டு போய், அதைக் கிடங்கில் பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னவர். மாமா அவரோடு பேச்சை நிறுத்தியிருந்தார்.

(முதல் வரைவில் மீசையை வில்லனாக எழுதினேன். நகைச்சுவைக் கதைக்கு ஒரு வில்லன் இருந்தால் வசதி. ஆனால் அந்த மனிதர் டீசல் வரிசையில் தன் முறை வந்த நேரத்தில், அக்கா ஓடுவதைப் பார்த்து, "அண்ணி, ஏறுங்க" என்று வரிசையை விட்டுவிட்டு வண்டியைக் கிளப்பியவர். டீசல் முள் அடியில் தொட்டுக்கொண்டிருந்ததாம். இப்படிப்பட்டவரை எப்படி வில்லனாக்குவது? எழுதிய பக்கத்தைக் கிழித்தேன்.)

6

மீசையின் போனிலிருந்து மாமாவைக் கூப்பிட்டார்கள். மாமாவின் போன் திரையில் 'மீசை' என்று பெயர் வந்தது. எடுப்பாரா? வெட்டினார். மறுபடியும் கூப்பிட்டார்கள், மறுபடியும் வெட்டினார். பின்னால் பார்த்தால் கண்ணாடியில் மீசையின் லாரி. விளக்கைப் போட்டுப் போட்டு அணைக்கிறார், ஹாரனை அடித்துக்கொண்டே வருகிறார். 'போனில் சவால் விடப் பார்த்தான், எடுக்கவில்லை என்றதும் துரத்தி வருகிறான்' என்று மாமா முடிவு கட்டிவிட்டார்.

இங்கே சுமையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏற்றியிருந்தது பூராவும் ஸ்பாஞ்சு மெத்தை. பார்வைக்கு மலை, எடைக்கு ஒன்றுமில்லை. மீசையின் வண்டியில் தரைக்குப் போடும் ஓடு. மாமா மிதித்தார், வண்டி பறந்தது.

ஆனாலும் ஒரு நீண்ட இறக்கத்தில் ஓட்டின் கனம் மீசைக்குக் கைகொடுத்தது. இரண்டு வண்டியும் பக்கத்தில் பக்கத்தில் வந்தன. அக்கா சன்னலுக்கு வெளியே பாதி உடம்பை நீட்டி, "ஏங்க, நான் இங்க இருக்கேன்" என்று கத்தினாள். மாமா கண்ணாடியை ஏற்றிவிட்டிருந்தார். பக்கத்தில் திரும்பிப் பார்ப்பது தோல்வி என்று நேராகவே பார்த்துக்கொண்டு ஓட்டினார்.

"ஆனா வாய் அசைஞ்சுதுடி" என்றாள் அக்கா. "ஓயாம பேசிட்டே வர்றாரு. நடுவுல கண்ணை வேற தொடைக்கிறாரு. மீசையைத் திட்டறார்னு நெனச்சேன்."

இறக்கம் முடிந்தது. மெத்தை முன்னே போய்விட்டது.

அக்கா அப்போது ஒன்று செய்தாள். "தம்பி, மேலாளர் நம்பர் உன் போன்ல இருக்குல்ல? போட்டுக் குடு" என்றாள். அவர் எடுத்ததும், "சார், அந்தப் புது வண்டியை நான் எடுத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டாள். ஹாரன் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. இன்னொரு தடவை, இன்னும் உறுதியாகச் சொன்னாள்.

7

சுங்கச்சாவடியில் வண்டிகள் வரிசையாக நின்றிருந்தன. மாமா நின்றுதான் ஆக வேண்டும். மீசை பின்னால் வந்து நிறுத்தினார். அக்கா இறங்கி நடந்து போய் மாமாவின் கதவைத் தட்டினாள்.

மாமா கண்ணாடியை இறக்கினார். அக்காவைப் பார்த்தார். திரும்பித் திரையைப் பார்த்தார். மறுபடி அக்காவைப் பார்த்தார்.

"அப்ப உள்ள யாரு?" என்றார்.

வசூல் அறையில் இருந்த பெண் சிரித்துச் சிரித்துத் தடுப்புக் கம்பை உயர்த்த மறந்துபோனாளாம். அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "இறங்குங்க, நான் ஓட்டறேன்" என்றாள். சாவடி தாண்டியதும், "அவ்வளவு நேரம் யார்கிட்ட பேசிட்டு வந்தீங்க?" என்று கேட்டாள்.

"பேசலையே. பாடிட்டு வந்தேன்" என்றார் மாமா.

மாமா பாடி நான் கேட்டதில்லை, அக்காவும் கேட்டதில்லை.

ஆசிரியர் கேட்ட கதை இங்கே முடிந்துவிட்டது. "அப்ப உள்ள யாரு?" என்பதைவிட நல்ல கடைசி வரி எனக்குக் கிடைக்காது. நீங்கள் சிரிக்க மட்டும் வந்தவர் என்றால் இதோடு எழுந்து போகலாம், எனக்கு வருத்தமில்லை.

8

பிறகு ஒரு நாள் மாமா என் வீட்டுச் சன்னல் தாழ்ப்பாளைச் சரிசெய்ய வந்தார். வாயில் ஸ்க்ரூக்களைக் கடித்துக்கொண்டிருந்ததால் அவர் சொன்ன முதல் வாக்கியம் எனக்குப் புரியவே இல்லை. பிறகு ஸ்க்ரூக்களைக் கையில் எடுத்துக்கொண்டு, சன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"நான் பாடலம்மா. திரைகிட்ட பேசிட்டு வந்தேன். மொதல்ல மீசையைப் பத்திதான் ஆரம்பிச்சேன். 'பாரு, பின்னாடி வர்றான்'னேன். சத்தமில்ல. வழக்கமா ஒரு வார்த்தைக்கு ஒம்போது வார்த்தை வரும். ஒண்ணும் வரலன்னதும் மனசு என்னமோ ஆயிடுச்சு. சொல்லிட்டேன்."

"என்ன மாமா சொன்னீங்க?"

"'உன்னால முடியாதுன்னு நான் சொல்லல. என்னால முடியாதுன்னுதான் சொன்னேன், அந்த ஆளுக்கு அது வேற மாதிரி கேட்டுடுச்சு'ன்னேன். அதுவும் பொய்தான், உடனே ஒத்துக்கிட்டேன். 'எனக்கு ரிவர்ஸ் எடுக்க வராது. நீ கீழ நின்னு வா வான்னு சொல்லலன்னா இந்நேரம் எத்தனை சுவத்தை இடிச்சிருப்பேன். பாதை மறந்து போனா நீ தூக்கத்துலயே இடது பக்கம்னு சொல்லுவ. நீ பின்னாடி தூங்குற தைரியத்துல ஓட்டறவன் நான். தனியா ஓட்டத் தெரிஞ்சவ நீதான். நீ எடுத்துக்கோ அந்த வண்டியை. ஆனா எடுத்துக்காத.' இப்படித்தான் உளறிட்டு வந்தேன். எடுத்துக்கோன்னும் சொன்னேன், எடுத்துக்காதன்னும் சொன்னேன். எது கடைசியா சொன்னேன்னு ஞாபகம் இல்ல."

"அக்காகிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"ஒரு தடவை சொன்னதுக்கே அழுகை வந்துடுச்சு. மறுபடியுமா?" ஸ்க்ரூ ஒன்றைத் திருகினார். "நீ வேணா கதையில எழுதிக்கோ, எழுத்தாளரம்மா. உன் கதையெல்லாம் அவ படிக்கறதில்ல."

மாமா சன்னலுக்குள் வாயை அசைத்துக்கொண்டு வந்த அதே சாலையில்தான், பின்னால் வந்த வண்டியில் அக்கா மேலாளரிடம் 'எடுத்துக்கறேன்' என்று கத்திக்கொண்டிருந்தாள். இதை நான் கற்பனையில் அமைத்திருந்தால், 'ரொம்பப் பொருத்தமாக இருக்கிறது, நம்ப மாட்டார்கள்' என்று நானே மாற்றியிருப்பேன்.

9

அக்கா இப்போது தனி வண்டி ஓட்டுகிறாள். நன்றாக ஓட்டுகிறாள். மாமா தனியாக ஓட்டுகிறார். கிடங்குகளில் எப்படியோ யாரையாவது கெஞ்சிப் பின்னால் நிற்கவைத்து ரிவர்ஸ் எடுக்கிறார். இருவரின் பாதையும் குறுக்கிடும் இடத்தில் வண்டிகளை மூக்கோடு மூக்கு வைத்து நிறுத்திவிட்டு, ஒரே வண்டிப் படியில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். முன்பைவிட இப்போதுதான் அதிகம் பேசிக்கொள்கிறார்கள் என்பது என் கணிப்பு. சொல்வதற்கு ஆளாளுக்கு ஒரு சாலை இருக்கிறது.

போன மாதம் அக்கா வண்டியில் நானும் கொஞ்ச தூரம் போனேன். சாலையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்:

"அன்னிக்கு அவர் பாடல."

நான் வெளியே பார்த்தேன்.

"என்ன பேசினார்னு உனக்குத் தெரியும். உன் மூஞ்சியே சொல்லுது. சொல்லாதடி."

"ஏன்க்கா?"

"நல்லதா ஏதோ பேசியிருக்காரு. கண்ணைத் தொடச்சிட்டுல்ல பேசினாரு. அது அன்னிக்கு என் காதுல விழுந்திருந்தா நான் அந்த போனைப் பண்ணியிருக்க மாட்டேன். பாவம்னு அங்கயே இருந்திருப்பேன்." கியரை மாற்றினாள். "இப்ப கேட்டா என்ன ஆகும்னு தெரியல. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். ஆனா இந்த ஸ்டீரிங் எனக்குப் பிடிச்சிருக்கு."

10

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

ஒன்றில், அக்கா இந்தப் பத்திரிகையை ஒரு டீக்கடையில் எதேச்சையாகப் புரட்டி, எட்டாம் பகுதிக்கு வந்து, வண்டியைத் திருப்பி, மாமா நிற்கும் (வேண்டாம். வண்டியைத் திருப்ப அவ்வளவு லேசில் இடம் கிடைக்காது. சுமைக்குப் பதில் சொல்ல வேண்டும்.)

இன்னொன்றில், மாமாவே படியில் உட்கார்ந்து சாப்பிடும்போது சொல்லிவிடுகிறார். அக்கா பாதிச் சாப்பாட்டில் கையை நிறுத்தி (இதை எழுதும்போது நானே அழுதுவிட்டேன். ஆசிரியரின் நிபந்தனை ஞாபகம் வந்தது.)

மற்றொன்றில் யாரும் யாரிடமும் சொல்வதில்லை. அதுவும் நல்ல வாழ்க்கைதான். ஆனால் கதை எழுதுகிறவளுக்கு அது தாங்காது.

அதனால் நான் விலகிக்கொள்கிறேன். மாமாவிடம் எழுத அனுமதி வாங்கிவிட்டேன்; அக்காவிடம் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டையும் காப்பாற்றிவிட்டேன். வாக்குக் கொடுக்காதவர் இந்தப் பக்கத்தில் ஒருவர்தான், நீங்கள்.

நீண்ட சாலைகளில் போகிறவராக இருந்தால் என்றாவது அவளைப் பார்ப்பீர்கள். வண்டியை ஓரம்கட்டிவிட்டு ஒவ்வொரு டயராகக் காலால் தட்டிப் பார்த்துக்கொண்டிருப்பாள். பேச்சுக் கொடுத்தால் பேசுவாள். உங்களுக்கும் சேர்த்து டீ சொல்வாள். மீசையின் வண்டியில் துரத்திய கதையை அவளாகவே ஆரம்பித்து, "பாடிட்டு வந்தேன்னாரு" என்கிற இடத்தில் நிறுத்தி, உங்கள் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகவே பார்ப்பாள்.

அவர் என்ன பேசினார் என்று உங்களுக்குத் தெரியும். சொல்வதும் விடுவதும் இனி உங்கள் பாடு, அவள் பாடு.