கேசட் சுருதி

"குடிச்சத எழுது. அந்தப் பொம்பள வீட்டுல போயி கெடந்தத எழுது. லாக்கப்புல உக்கார வச்சாங்களே, அதையும் எழுதிக்க. எனக்கு ஒண்ணும் இல்ல, ஊருக்கே தெரிஞ்ச கதைதான். ஆனா இந்த நாலாவது அத்தியாயம் மட்டும் புக்குல வரக்கூடாது."

அமுதவள்ளி அக்கா நான் கொடுத்திருந்த தாள்களை மேசைமேல் வீசினார். சில தாள்கள் கீழே விழுந்தன. அவர் குனியவில்லை, நான்தான் பொறுக்கினேன்.

அது கிள்ளானில் அவருடைய வீடு. சுவரில் அவர் கணவர் திருச்செல்வம் மைக்கைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறார். திருச்செல்வம் என்றால் பலருக்குத் தெரியாது. 'கிள்ளான் திரு' என்றால் நம் நாட்டில் நாற்பது வயதைத் தாண்டியவர்கள் உடனே 'கப்பல் விளக்கே' பாடலை முணுமுணுப்பார்கள். தொண்ணூறுகளில் கேசட்டில் வந்த பாட்டு. கடைசி வரியில் 'விளக்கே' என்று ஒரு ஏற்றம் ஏறுவார். ஆண் குரல் அவ்வளவு உயரத்துக்குப் போகுமா என்று அப்போது எல்லோரும் அதிசயப்பட்டார்கள். மகன் குரு சின்னப் பையனாக இருக்கும்போதே அவர் இறந்துவிட்டார்.

"அக்கா, குடி, பொம்பள, லாக்கப்பு எதையும் நான் எழுதவே இல்லையே. படிச்சிங்கதானே?"

"படிச்சேன். அதெல்லாம் எழுதியிருந்தா கூட உன்ன மன்னிச்சிருப்பேன்."

அதை எழுதக் கூடாது என்றுதான் நான் இந்த வேலையில் இறங்கினேன். பாடகர்களைப் பற்றி நம் ஆட்கள் எழுதும் புத்தகங்களை வாங்கி வாங்கி எனக்கு வெறுத்துவிட்டது. யாரோடு சண்டை, யாரோடு தொடர்பு, கடைசியில் எந்த வியாதி. பாட்டு எப்படி உண்டானது என்று தேடினால் இரண்டு பக்கம் இருந்தால் அதிகம். அதனால் என் பேஸ்புக் பக்கத்தில் உள்ளூர்ப் பாடல்களைப் பற்றி மட்டும் எழுத ஆரம்பித்தேன். யார் தபேலா, எந்த அறையில் பதிவு, ஏன் அந்த இடத்தில் தாளம் தடுமாறுகிறது, இப்படி. அதற்கும் வசவுதான் வரும். "யாருக்கு வேணும் இந்தக் கணக்கு, உஷா அக்கா? அந்த மேட்டர சொல்லுங்க லா" என்று கீழே எழுதுவார்கள். அவர்களைத் தடை செய்துகொண்டே எழுதினேன். அதுதான் புத்தகமாக வளர்ந்தது.

நாலாவது அத்தியாயம் இதுதான். 'கப்பல் விளக்கே' பாட்டோடு சேர்ந்து கீபோர்டு வாசித்தால் எந்தக் கட்டையிலும் பொருந்தாது. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் போய் நிற்கும். அதே கேசட்டில் மற்ற எட்டுப் பாட்டுகளும் ஒழுங்காகப் பொருந்துகின்றன. அப்படியானால் இந்த ஒன்றை மட்டும் யாரோ வேகம் கூட்டி ஓட்டியிருக்கிறார்கள்; வேகம் கூடினால் சுருதியும் ஏறும். கைப்பேசியில் மெதுவாக்கிப் பார்த்தேன். கீபோர்டில் கச்சிதமாகப் பொருந்தும் இடம் வந்தது. அந்த இடத்தில் பாடியது தடித்த, இறங்கிய, சாதாரண ஆண் குரல். நல்ல குரல்தான். ஆனால் அந்தக் குரல் இல்லை.

பாட்டைப் பதிவு செய்த கிஃபாயத்துல்லா பாயைப் பிரிக்பீல்ட்ஸில் தேடிப் பிடித்துக் கேட்டேன். ஒரு கடைக்கு மேல்மாடியில் முன்பு ஸ்டூடியோ வைத்திருந்தவர், இப்போது கீழேயே சாப்பாட்டுக் கடை நடத்துகிறார். சிரித்துக்கொண்டே சொன்னார். "ஆமா தங்கச்சி. மிஷின்ல ஒரு திருகு இருக்கும், வேகத்துக்கு. சும்மா விளையாட்டுக்குத் திருகினோம். அவரு கேட்டுட்டு, 'பாய், இதுதான் நான், இப்படியே விடுங்க'ன்னாரு. விட்டுட்டோம்."

இதைத்தான் எழுதியிருந்தேன்.

"மிஷின் பாடுச்சுன்னு எழுதியிருக்க" என்றார் அக்கா.

"இல்லக்கா. அவருதான் பாடினாரு. பாடி முடிச்ச பெறகு வேகத்த கூட்டினாங்கன்னு எழுதியிருக்கேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்!"

"அப்ப மேடையில ஏன் எப்பவும் கேசட்ட போட்டு வாயசைச்சாரு?"

அதற்குள் உள்ளறைக் கதவு திறந்தது. குரு வந்தான். கழுத்தில் துண்டு, கையில் வெந்நீர்ப் புட்டி. என்ன சத்தம் என்று கையால் கேட்டான்.

"ஒண்ணுமில்ல. ஆன்டி கெளம்புறாங்க. நீ உள்ள போ."

அவன் கைப்பேசியில் எதையோ தட்டி என்னிடம் காட்டினான். 'புக் எப்போ வருது ஆன்டி?'

அவன் இப்போது பேசமாட்டான். பேச முடியாது. அப்பாவின் பாடல்களை மட்டும் வைத்து கிள்ளானில் ஒரு டேவானை, பெரிய மண்டபம், வாடகைக்கு எடுத்து நிகழ்ச்சி நடத்தப் போகிறான். அதற்கு ஒத்திகை பார்க்கிறான். 'கப்பல் விளக்கே'யை ஒருமுறை கேசட்டில் இருக்கிற உயரத்தில் பாடினால் அடுத்த இரண்டு நாள் குரலே வராது. குரல் நாணில் சின்னதாகக் கட்டி வந்திருக்கிறது, இப்படியே பாடினால் அறுவை சிகிச்சைதான், அதற்குப் பிறகு எப்படி இருக்கும் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அப்பா பாடினாரே, என்னால் ஏன் முடியாது என்பதுதான் அவன் கேள்வி. அவன் உள்ளே போனதும் அதற்குப் பதிலை நான் அக்காவிடம் சொன்னேன்.

"அவன் அப்பாவே அந்த ஒசரத்துல பாடல அக்கா. இவன பாட விட்டு தொண்டைய கிழிக்கிறிங்களே."

அக்கா எழுந்து என் கையைப் பிடித்து வாசல்வரை இழுத்துக்கொண்டு போனார். கேட்டுக்கு வெளியே நிறுத்தி, தணிந்த குரலில் சொன்னார்.

"நான் அந்தக் கொரலுக்குத்தான் வீட்ட விட்டு வந்தவ. எங்கப்பா சாகுற வரைக்கும் என் மொகத்த பாக்கல. குடிகாரன்னு சொன்னாங்க, ஒட்டிக்க எடம் தேடுறவன்னு சொன்னாங்க. எல்லாருக்கும் ஒரே பதில்தான் சொன்னேன். அந்தக் கொரல் உங்க யாருக்காவது இருக்கான்னு கேட்டேன். இப்ப நீ வந்து அது ஒரு திருகுன்னு சொல்ற."

"உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

"பக்கத்துல படுத்தவளுக்குத் தெரியாதா?" என்றார். "குருகிட்ட வாயத் தொறந்த, உன் ஆபீஸ் வாசல்ல வந்து நின்னு காறித் துப்புவேன். புக்குக்குப் போட்டோ ஒண்ணும் கெடையாது ஒனக்கு. போ."

கேட்டைச் சாத்திவிட்டார்.

கோமுட்டர் ரயிலில் உட்கார்ந்து யோசித்தேன். நான் சொன்னால் பையன் நம்பமாட்டான். பதிவு செய்தவரே சொன்னால் நம்புவான். கே.எல். சென்ட்ரலில் இறங்கி நேரே பாயின் கடைக்குப் போனேன். மதியக் கூட்டம். பாய் கல்லாவில் இருந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. அக்கா அதற்குள் போன் செய்துவிட்டார் என்று தெரிந்தது.

"நான் ஒண்ணும் சொல்லல" என்றார், நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே.

"பாய், நீங்க சொன்னத ரெக்கார்டு பண்ணி வச்சிருக்கேன்."

"அழிச்சிருங்க."

"அந்தப் பையனுக்கு தொண்டையில கட்டி. நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும். பாட்ட எறக்கிப் பாடுவான்."

"கட்டி வந்தா டாக்டர பாக்கட்டும். நான் என்ன டாக்டரா?" கல்லாவைச் சாத்தினார். "இங்க பாருங்க தங்கச்சி. மனுசன் செத்துட்டாரு. ஜனங்க சந்தோசமா கேக்குறாங்க. நீங்க ஆராய்ச்சி பண்றேன்னு பொணத்த கிண்டுறிங்க. ஒங்களுக்கு என்ன கெடைக்கும் இதுல?"

"பாட்டு எப்படி வந்துச்சுன்னு உண்மை கெடைக்கும்."

"உண்மைய நீங்களே வச்சிக்குங்க. டேபிள் காலியில்ல. சாப்பிடலேன்னா எடத்த விடுங்க."

பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். நான் வெளியே வந்தேன். அவரை நல்ல மனிதர் என்று முன்னுரையில் எழுதியிருந்தேன். அந்த வரியை அன்றே எடுத்துவிட்டேன்.

நிகழ்ச்சி ஞாயிற்றுக்கிழமை மாலை. நான் காலையிலேயே டேவானுக்குப் போய்விட்டேன். அக்கா அலங்காரத்துக்குப் பூ எடுக்க வெளியே போயிருந்தார். மேடையில் குருவும் கீபோர்டு வாசிக்கும் விமலனும் மட்டும் இருந்தார்கள். விமலன்தான் இசைக்குழுவுக்குத் தலைவர். கெட்டிக்காரப் பையன், கொஞ்சம் தலைக்கனம்.

"ஆன்டி, இதக் கேளுங்க" என்று கூப்பிட்டான். "எல்லா பேண்டும் இந்தப் பாட்ட கிட்டத்தட்ட வாசிக்கும். நான் ஃபைன் டியூன்ல போட்டு கேசட் சுருதிய அப்படியே பிடிச்சிட்டேன். முடி அளவு கூட வித்தியாசம் இல்ல. தெய்வ சுருதி!"

"அந்த ஃபைன் டியூன் நம்பர மறுபடி சைபர்ல வை" என்றேன்.

"ஏன்?"

"வை லா."

என் கைப்பேசியைக் கீபோர்டின் மேல் வைத்து மெதுவாக்கிய பாட்டை ஓட்டினேன். விமலன் முதலில் சிரித்தான். பிறகு ஒரு விரலால் சுருதியைத் தொட்டான். பிறகு இரண்டு கையாலும் வாசித்தான். ஒவ்வொரு இடத்திலும் அச்சாகப் பொருந்தியது. சிரிப்பு நின்றுவிட்டது.

"அலமாக்" என்று வாயைப் பிளந்தான். "தபேலா இப்பத்தான்டா தபேலா மாதிரி கேக்குது."

நான் குருவிடம் முழுவதையும் சொன்னேன். திருகு, பாய், வாயசைப்பு, எல்லாம். அம்மாவுக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். அவன் என் கைப்பேசியை எடுத்துக் காதோடு வைத்துக்கொண்டான். கடைசி வரி வந்தது. அவன் கண் மேடைத் தரைக்குப் போனது. அது அவன் அப்பா வீட்டில் பேசும் குரல், அவனுக்குத் தெரியாமல் இருக்குமா? கைப்பேசியை என் பக்கம் எறிந்தான். அது மேடையில் சறுக்கிக்கொண்டு போய் ஒலிபெருக்கியில் இடித்தது.

"எங்கப்பா திருடனா?" என்றான். மாலை நிகழ்ச்சிக்காகக் குரலைச் சேமித்துவைத்திருந்தான், காற்றாகத்தான் பேசினான்.

"நான் அப்படிச் சொல்லல குரு..."

"எத்தன வருசமா நான் கிழிச்சிக்கிட்டு இருக்கேன்."

அதற்குள் அக்கா வந்துவிட்டார். என் முகத்தையும் மகன் முகத்தையும் பார்த்தார். பூக்கூடையைக் கீழே வைத்தார். பிறகு அவர் பேசியதை நான் இங்கே எழுத முடியாது. என்னைப் பெற்றவள்வரை போனார். வாசலில் நின்ற ஆட்களைக் கூப்பிட்டு என்னை வெளியே அனுப்பச் சொன்னார். நான் காசு கொடுத்து வாங்கிய டிக்கெட்டைக் காட்டினேன். கடைசி வரிசையில் உட்கார வைத்தார்கள்.

கூட்டம் நிறைந்துவிட்டது. குரு மற்ற பாட்டுகளை ஒழுங்காகப் பாடினான், ஆனால் யாரையும் பார்க்காமல் பாடினான். 'கப்பல் விளக்கே' கடைசியில். அது வரும்போது விமலன் பக்கம் போய் அவன் காதில் ஏதோ சொன்னான். விமலன் அக்கா உட்கார்ந்திருந்த முன்வரிசையைப் பார்த்தான். குரு கீபோர்டில் கையை வைத்துத் தானே ஏதோ பொத்தானை அழுத்தினான்.

பாட்டு இறங்கிய சுருதியில் தொடங்கியது. கொஞ்சம் மெதுவாகவும் தொடங்கியது. இரண்டு வரி போகும் முன்னால் சத்தம் கிளம்பியது.

"ஓய், சுருதி எறங்கிடுச்சு!"

"ஏத்து லா! பயமா?"

"அப்பன் பேர கெடுக்க வந்தியா? ஒக்காருடா!"

எனக்குப் பக்கத்தில் இருந்த ஒரு அங்கிள் எழுந்து மனைவியிடம், "வா, இதக் கேக்கவா பெட்ரோல் போட்டு வந்தோம்" என்றார். எனக்குத் தாங்கவில்லை. "அவங்கப்பா பாடினது இதுதான் அங்கிள்" என்றேன். "யாரு நீ?" என்றார். பின்னாலிருந்து யாரோ சிரித்தார்கள்.

குரு நிறுத்தவில்லை. கடைசி வரியில் 'விளக்கே' என்று ஏறவேண்டிய இடத்தில் ஏறினான். பெரிய உயரம் இல்லை. ஆனால் அந்தச் சொல் உடையாமல் முழுசாக நின்றது. முன்வரிசையில் அமுதவள்ளி அக்கா எழுந்து, மேடைக்கு முதுகைக் காட்டி, நடுவழியாக நடந்து வெளியே போனார். என்னைக் கடக்கும்போது பார்க்கக்கூட இல்லை. கைதட்டல் அங்கொன்று இங்கொன்று. நன்றியுரை சொல்ல இருந்தவர் சொல்லாமலே மண்டபத்து விளக்குகளைப் போட்டுவிட்டார்.

கார் நிறுத்துமிடத்தில் விமலன் வேனில் சாமான் ஏற்றிக்கொண்டிருந்தான். நான் என் காரை எடுக்கப் போனபோது குரு என்னைப் பார்த்துவிட்டான். நேரே வந்தான்.

"சந்தோசமா ஆன்டி? எங்கம்மா டாக்சி எடுத்து வீட்டுக்குப் போயிட்டாங்க. போன எடுக்க மாட்டேங்கறாங்க. ஜனங்க என்ன காறித் துப்பாத கொறதான். இது ஒங்க புக்குக்கு வேணும்தானே? போட்டுக்குங்க. நல்லா பெரிசா போட்டுக்குங்க. ஆனா இனிமே எங்க வீட்டுப் பக்கம் வந்திங்க, மரியாத கெட்டுப் போயிடும்!"

வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர்கள் கார்க் கதவைத் திறந்தபடி நின்று வேடிக்கை பார்த்தார்கள். டேவான் சுவரில் பட்டு அவன் சத்தம் திரும்பி வந்தது. அந்தப் பாட்டைப் பாடிய அன்றே இந்தப் பையன் குரல் எடுத்துப் பேசி நான் இதுவரை கேட்டதே இல்லை.

வேனுக்குள்ளிருந்து விமலன் தலையை நீட்டினான். "டேய், கத்தாதடா! டாக்டர் என்ன சொன்னாரு?"

"கத்துவேன்!" என்றான் குரு, அவன் பக்கம் திரும்பி. மறுபடி என் பக்கம் திரும்பி இன்னும் பலமாகத் திட்டத் தொடங்கினான்.