ஹார்பர் செய்யப்பட்ட மாமனார்

கல்லங்குறிச்சி செல்லமுத்து ஒருமுறை சொன்ன சேதியை மறுமுறை அதே அளவில் சொல்லமாட்டார். பிள்ளை வளர்கிறது, பயிர் வளர்கிறது, சேதி மட்டும் ஏன் குட்டையாகவே நிற்கவேண்டும் என்பது அவர் கட்சி. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் எப்போதோ கிடைத்த மீன் பல் ஒன்றைப் பற்றிப் பெரம்பலூர் சம்பந்தி வீட்டாரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். பல் முறம் அகலத்துக்கு வந்திருந்தது. மீனின் வால் எந்த ஊர்வரைக்கும் போயிருக்கும் என்று சம்பந்தி யோசிக்கத் தொடங்கிய நல்ல நேரத்தில், மனைவி ஜெகதாம்பாள் காபி டம்ளரை நீட்டியபடியே, "கொட்டைப்பாக்கு அளவு இருக்கும்" என்றாள்.

சம்பந்தி காபியைக் குடித்தார். சம்பந்தியம்மாள் கூரையைப் பார்த்தாள்.

அவர்கள் பஸ் ஏறியதும் செல்லமுத்துவும் பஸ் ஏறிவிட்டார். ஜெகதாம்பாளே நேரில் வந்து கூப்பிட்டாலொழிய அந்த வாசற்படியை மிதிப்பதில்லை என்று தெருவுக்கே கேட்கும்படி அறிவித்துவிட்டுத்தான் போனார். மேயப்போன இடத்தில் போய்க் கூட்டிவருகிற வழக்கம் தனக்கு மாட்டோடு சரி என்று அவளும் தெருவுக்குக் கேட்கும்படி பதில் சொன்னாள்.

போன இடம் அரியலூரில் இருந்த மகள் வேணியின் வீடு. ஜெகதாம்பாள் மறுநாள் காலை முதல் பஸ்ஸில் வந்துவிடுவாள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. வராதபோது, பஸ்ஸில் கூட்டமாயிருக்கும் என்றார். அதற்கடுத்த நாள் பசு கன்று போட்டிருக்கும் என்றார். பசு சினையாகவே இல்லை என்பதை வேணி சொல்லவில்லை. அந்த வீட்டில் அம்மாவைப்போல் திருத்துகிறவர்கள் யாரும் இல்லாததால்தான் அவர் அங்கே நிம்மதியாயிருந்தார்.

நிம்மதி இல்லாதவள் வேணிதான். மாமனார் வீட்டில் குடியேறுகிறவனுக்கு வீட்டோடு மாப்பிள்ளை என்று பெயருண்டு. வீட்டோடு மாமனார் என்ற பெயர் அதுவரை புழக்கத்துக்கு வரவில்லை. அப்பா இன்னும் கொஞ்சநாள் இருந்தால் அரியலூரில் அதுவும் வந்துவிடும் என்று பயந்தாள். ஆகவே, அப்பா இங்கே இருக்கிறார் என்று குடும்ப வாட்ஸப் குழுவில் பக்குவமாகச் சொல்லி, அம்மா வருவதற்கு வழிபண்ணச் சொன்னாள்.

சொன்னது கணவன் இளையபெருமாளிடம். அதுதான் பிசகு. அவன் சிமெண்ட் கடை மாடியில் ஸ்போக்கன் இங்கிலீஷ் நடத்துகிறவன். ஒரு சொல்லைக் கேட்டால் அதன் பங்காளிகள் அத்தனை பேரையும் கூட்டிவந்து நிறுத்துவான்.

"அப்பா எங்க வூட்ல இருக்காருன்னு தமிழ்ல போட வேண்டியதுதானே?" என்றாள் வேணி.

"போட்டா, பொண்ணு வூட்ல குந்திக்கிட்டாருன்னு ஆயிரும். அடைக்கலம்னு போட்டா, அத்தை அடிச்சு வெரட்டிட்டாங்கன்னு ஆயிரும். ஒளிஞ்சிருக்காருன்னு போட்டா கடன்காரன் தேடுறான்னு ஆயிரும். இங்கிலீஷ்ல இதுவரைக்கும் யாருக்கும் மானம் போனதில்ல."

செல்லமுத்து தலையாட்டினார். மானம் என்ற சொல் வந்தபிறகு விஷயம் அவருடையது.

இளையபெருமாள் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தான். இடம் கொடுத்துக் காப்பாற்றுவதற்கு ஷெல்டர் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த சொல். ஆனால் கல்லங்குறிச்சியில் ஷெல்டர் என்றால் பஸ் நிற்கிற ஷெல்டர். மாமா அங்கே துண்டை விரித்துப் படுத்திருப்பதாக நினைப்பார்கள். லாட்ஜ் என்றும் சொல்லலாம். சொன்னால் இந்த வயதில் மாமாவுக்கு லாட்ஜில் என்ன வேலை என்று கேட்பார்கள். புரொடெக்ட் என்றால் போலீஸ் வரும். கவர் என்றால் காய்கறிதான் ஞாபகம் வரும். எல்லாவற்றையும் தள்ளிவிட்டுக் கடைசியில் ஒன்றைப் பிடித்தான்.

"ஹார்பர். இதுதான் மாமா உங்களுக்குப் பொருத்தம். கப்பல் ஒதுங்குற எடத்துக்கும் அதான் பேரு, எடம் குடுக்குறதுக்கும் அதான் பேரு. பெரிய கப்பல்னாத்தான் ஹார்பர் வேணும். தோணிக்கெல்லாம் தேவையில்ல."

குற்றவாளியை ஒளித்து வைத்திருப்பதற்கும், மனசுக்குள் பகையைப் பொத்தி வைத்திருப்பதற்கும் இதே சொல்தான் என்பதையும் அவன் மறைக்கவில்லை.

"அப்ப மூணும் பொருந்துது" என்றாள் வேணி.

செல்லமுத்து முதல் பொருளோடு நின்றுவிட்டார். "கப்பலையே போடுங்க மாப்பிள்ளை" என்றார். 'ஐ ஹேவ் ஹார்பர்டு மாமா' என்று போட்டுவிட்டு, போனைச் சத்தமில்லாமல் வைத்துக்கொண்டு, இளையபெருமாள் வகுப்புக்குப் போனான்.

கல்லங்குறிச்சியில் இதைப் படித்தவன் செல்லமுத்துவின் தம்பி மகன் ராஜேஷ். செல்போன் கடை வைத்திருக்கிறவன், ஆகவே இங்கிலீஷ் அவனுக்கு அத்துப்படி. "பெரியப்பாவ வேணியக்கா வூட்டுக்காரரு கொண்டுபோயி ஹார்பர்ல சேத்துட்டாராம் பெரியம்மா" என்று ஜெகதாம்பாளிடம் சொன்னான். அரியலூரில் ஏதடா ஹார்பர் என்று அவள் கேட்டதற்கு, ஒரு காலத்தில் இங்கேயே கடல் இருந்தது, அது போய்விட்டதால் இப்போது நாகப்பட்டினம் போயாகவேண்டும் என்று விளக்கினான். மாப்பிள்ளைக்குப் போன் அடித்தார்கள். எடுக்கவில்லை. கப்பலேற்றி விடுகிறவன் எப்படி எடுப்பான் என்றார்கள் தெருவில். செல்லமுத்து அந்தமானுக்குப் போகிறார் என்பது மேலத்தெருவைத் தாண்டும்போது சிங்கப்பூராயிற்று.

அதே சாயங்காலம் செல்லமுத்து அரியலூர் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் நின்றிருந்தார். ஊர்க்காரர் வைத்திலிங்கம் அவரைப் பார்த்துவிட்டு டீயைச் சிந்தினார்.

"ஏன்ப்பா, நீ கப்பல்ல போயிட்டேன்னாங்க?"

வேறு ஆளாயிருந்தால், என்ன கப்பல் என்று கேட்டிருப்பான். செல்லமுத்து ஒரு வாய் டீ குடித்தார். "காத்து சரியில்ல. விடியக்காலைலதான் எடுக்குறாங்க" என்றார்.

பிறகுதான் வைத்திலிங்கம் மிச்சத்தைச் சொன்னார். ஜெகதாம்பாள் பையோடு கிளம்பிவிட்டாள். பசுவைப் பக்கத்து வீட்டுத் தனத்திடம் ஒப்படைத்தாகிவிட்டது. அதோ, தஞ்சாவூர் பஸ்ஸில் முன்பக்கம் உட்கார்ந்திருக்கிறாள். மகள் வீட்டுக்குப் போய்க் கேட்கக்கூடப் பொறுமையில்லையாம், தஞ்சாவூரில் இறங்கி நாகப்பட்டினம் மாறுவாளாம்.

செல்லமுத்துவுக்குள் வெற்றி பொங்கியது. வந்துவிட்டாள். கொஞ்சம் தூணோரமாக நகர்ந்து, கழுத்தை நீட்டிப் பார்த்தார். ஜன்னலில் அவள் முகம் தெரிந்தது. அவருக்கு நன்றாகத் தெரிந்த எந்த முகமாகவும் அது இல்லை. மடியிலிருந்த பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பைக்கு வெளியே அவருடைய கம்பளிப்போர்வை துருத்திக்கொண்டிருந்தது. கடல் காற்று ஆகாது என்று எடுத்திருக்கிறாள்.

ஆனால் சொன்னது சொன்னதுதான். அவள்தான் இறங்கிவந்து கூப்பிடவேண்டும். அவள் இந்தப் பக்கம் திரும்பினால் போதும். செல்லமுத்து இருமிப் பார்த்தார். டீக்கடைக்காரர் திரும்பினார். துண்டை உதறினார். வைத்திலிங்கம் விலகி நின்றார். டிரைவர் ஏறி உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினார். கண்டக்டர் விசில் கொடுத்தார். பஸ் நகர்ந்தது. அவள் கடலைத் தவிர வேறெதையும் பார்ப்பதாயில்லை.

செல்லமுத்து ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்தவர்கள் இன்றைக்கும் பேசுகிறார்கள். பின்படியில் தொற்றி ஏறி, ஆட்களை விலக்கிக்கொண்டு முன்னே வந்து, அவள் பக்கத்தில் காலியாயிருந்த இடத்தில் உட்கார்ந்தார்.

ஜெகதாம்பாள் அவரைத் தலையிலிருந்து கால்வரைக்கும் பார்த்தாள். பிறகு பையைப் பிடித்திருந்த கையைத் தளர்த்தினாள்.

"ஹார்பரு இந்த பஸ்லதான் இருக்கா?" என்றாள்.

"மாப்பிள்ளையோட இங்கிலீஷு அது. ஒதுங்க எடம் குடுக்குறதுக்குப் பேராம்."

"ஒதுங்குறதுக்கா." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "நான் செத்தே போயிட்டேன்."

செல்லமுத்து பெரிதாக ஒன்று சொல்ல வாயைத் திறந்தார். சின்னதாகத்தான் வந்தது. "நீ வந்து கூப்பிட்டாத்தான் வருவேன்னு சொல்லியிருந்தேன்" என்றார் மெதுவாக.

"தெரியும். அதுக்குத்தானே கெளம்புனேன். நீங்கதான் பொறுக்காம ஓடியாந்துட்டீங்க."

இது கூப்பிட்டதில் சேருமா, சேராதா என்று கீழப்பழுவூர் வரைக்கும் அவர் யோசித்தார். அங்கே அவள் எழுந்து, "எறங்குங்க" என்றாள். இறங்கினார். திரும்புகிற பஸ்ஸில் பையை அவர் மடியில் வைத்துக்கொண்டார்.

கல்லங்குறிச்சியில் இறங்கியபோது பாதித் தெரு நின்றிருந்தது. செல்லமுத்து அவள் முதுகுக்குப் பின்னால் ஒதுங்கினார். மகள் வீட்டில் இட்லி சாப்பிட்டுக்கொண்டு இருந்த மனுஷன் என்று அவள் ஒரு வரி சொன்னால் போதும். அவள் திருத்துவதில் தவறியதேயில்லை.

"என்னக்கா, ஆளப் புடிச்சுட்டீங்களா?" என்றாள் தனம்.

ஜெகதாம்பாள் செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னாள். "கப்பல்ல ஏறி உக்காந்துட்டாரு. சங்கு ஊதிட்டான். ஏணியத் தூக்கப்போறான், அப்பதான் நான் போயிக் கையப் புடிச்சேன்."

தனம் அவர் பக்கம் திரும்பி, "அப்படியாண்ணே?" என்றாள்.

"ஆமா" என்றார் செல்லமுத்து.

"எம்மாம் பெரிய கப்பலு, அக்கா?" என்று யாரோ கேட்டார்கள்.

"நம்ம பெருமாள் கோயில் மதிலளவு இருக்கும்" என்று சொல்லிவிட்டு ஜெகதாம்பாள் உள்ளே போய் விளக்கைப் போட்டாள்.

சிங்கப்பூர் போகிற கப்பலுக்கு அது ரொம்பக் கம்மி என்று அவருக்குப் பட்டது. திருத்தவில்லை. பையை எடுத்துக்கொண்டு படியேறினார்.