அப்பா விற்ற ஷெவெல்

குச்சி நுனியிலிருந்த பஞ்சைத் தண்ணீரில் நனைத்து நாடீன் அப்பாவின் வாய்க்குள் துடைத்துக்கொண்டிருந்தபோது, தம்பி டுவெய்ன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் அறைக்குள் வந்தான்.

"கிடைச்சிருச்சு," என்றான். "அப்பா, உங்க ஷெவெல் கார் கிடைச்சிருச்சு! ஃபின்ட்லே பக்கம் ஒரு கொட்டகையில துணி போட்டு மூடி வச்சிருக்காங்க. சேஸிஸ் நம்பர் அச்சு அசலா ஒத்துப்போகுது. நாளைக்குக் காலையில ஓட்டிக்கிட்டு வர்றாங்க."

அப்பா ஆர்வில் கண்ணைத் திறந்தார். இரண்டு நாளாக நர்ஸ் கூப்பிட்டும் திறக்காத கண்.

"வேண்டாம்," என்றார்.

"பாத்தியா, அழுறார்," என்றான் டுவெய்ன்.

அது அழுகை இல்லை என்று நாடீனுக்குத் தெரிந்தது. வேறு என்னவென்று தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையும் அவளுக்கு இல்லை. பஞ்சைத் திரும்ப நனைத்தாள்.

டுவெய்ன் மூன்று வருஷமாக அந்தக் காரைத் தேடினான். அந்த மூன்று வருஷத்தில் அப்பாவுக்கு மாத்திரை வாங்க ஒருமுறைகூட மருந்துக்கடைப் பக்கம் போனதில்லை. அவனைப் போலவே தொப்பை விழுந்த ஆண்கள் இணையத்தில் கூட்டம் கூட்டமாக இருந்தார்கள். பெற்ற பிள்ளையின் பிறந்தநாள் மறந்துபோகும். அறுபத்தொன்பதில் வந்த காருக்கும் எழுபதில் வந்த காருக்கும் பின்விளக்கு எப்படி மாறியது என்பது மட்டும் மறக்காது. அவர்களில் எவனோதான் துப்புக் கொடுத்திருந்தான்.

கருநீல ஷெவெல். பானெட்டில் இரண்டு வெள்ளைப் பட்டைகள். நாடீனுக்கு அதில் ஏறிய ஞாபகம் அரைகுறையாகத்தான் இருந்தது. சூடான இருக்கை, பெட்ரோல் வாசனை, அவ்வளவுதான். ஆனால் அது போன கதை அவளுக்கு மனப்பாடம். ஏழு வயதில் அவளுக்கு இடுப்பு எலும்பில் ஆபரேஷன். அதற்காக அப்பா தன் உயிரான காரை விற்றார். நன்றி சொல்லும் நாள் விருந்தில் வான்கோழியை அறுக்கும்போது சொல்வார். அவளுடைய பட்டமளிப்பு விழாவில், அவளுடைய பேராசிரியரைப் பிடித்துவைத்துச் சொன்னார். அவள் விவாகரத்து வாங்கிக்கொண்டு வந்து நின்ற அன்றும் சொன்னார்: "உன்னை நடக்க வச்சது டாக்டர் இல்ல, என் ஷெவெல். அதை வச்சுக்கிட்டு நீ எங்க நடந்து போயிருக்கே பாரு."

முப்பது வருஷம் அந்தக் காரைச் சுமந்துதான் அவள் நடந்தாள். கடைசி ஆறு மாதம் அவருக்கு மலம் துடைத்ததும் அதனால்தான். பாசம் என்று யாராவது சொன்னால் சிரிப்பு வந்துவிடும்.

மறுநாள் பத்து மணிக்கு, தெருமுனையில் திரும்பும்போதே சத்தம் கேட்டது. அண்டைவீட்டு ஜன்னல் கண்ணாடிகள் அதிர்ந்தன. டுவெய்ன் வாசலுக்கு ஓடினான். கட்டிலில் ஆர்விலின் விரல்கள் போர்வையைச் சுருட்டின.

காரிலிருந்து இறங்கியது ஒரு பெண். லொரெய்ன் பாசெக், பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்றவள், அறுபதைத் தாண்டியவள். டுவெய்ன் அவளை ஒழுங்காகப் பார்க்கக்கூட இல்லை. சாவியை வாங்கிக்கொண்டு, பானெட்டைத் திறந்து, கோயிலுக்குள் தலை நீட்டுகிறவன் மாதிரி உள்ளே குனிந்துவிட்டான். நாடீன்தான் அவளைச் சமையலறைக்கு அழைத்துப்போய்க் காபி ஊற்றினாள்.

"குளிர்ல அவ்வளவு தூரம் வந்திருக்கீங்க. ரொம்ப நன்றி."

"இருக்கட்டும்மா. என் வீட்டுக்காரர் ஸ்டான் போய் நாலு வருஷமாச்சு. அவர் இருந்திருந்தா அவரே வந்திருப்பார். உங்கப்பா மேல அவருக்கு மரியாதை. தோத்தாலும் வாக்குத் தவறாத மனுஷன்னு சொல்வார்."

"எதுல தோத்தார்?"

"ரேஸ்லதான்." லொரெய்ன் சர்க்கரையைக் கலக்கினாள். "பழைய விமானத் தளத்துல. எழுபத்தேழு அக்டோபர். நானும் அங்கதான் குளிர்ல நின்னேன். ஸ்டான் சும்மா ஓட்டிப் பாப்போம்னுதான் சொன்னார். உங்கப்பாதான், தோக்கிறவன் வண்டியை விட்டுட்டுப் போகணும்னார். மூணாவது கியர் விழல. வந்து சாவியைக் கொடுத்துட்டு ஒரு மைல் நடந்தே போனார், பாவம்." கரண்டி நின்றது. "உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்கு ஆபரேஷன் நடந்தது அதுக்கு அடுத்த ஏப்ரல்ல," என்றாள் நாடீன்.

"என்ன ஆபரேஷன்?"

நாடீன் பாத்திரம் கழுவும் தொட்டியைப் பார்த்தாள். அப்பா அந்தக் கதையை ஆரம்பிக்கும்போதெல்லாம் அம்மா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவுவாள். கழுவிய தட்டையே மறுபடி கழுவுவாள். கணவனின் தியாகத்தைக் கேட்டு அம்மாவுக்குக் கண் கலங்குகிறது என்று நாடீன் இத்தனை காலமும் நம்பியிருந்தாள். அப்பா வேலைபார்த்த கண்ணாடித் தொழிற்சாலையின் சங்கம் ஆபரேஷனுக்குப் பணம் கட்டியதைக் காட்டும் காப்பீட்டுத் தாளை, அம்மா செத்தபிறகு அவளுடைய பைபிளுக்குள் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. அன்றைக்கு அதை மடித்து அப்படியே வைத்துவிட்டாள்.

"நான் சொல்லியிருக்கக் கூடாதோ?" என்றாள் லொரெய்ன்.

"இல்ல. காபி ஆறுது, குடிங்க."

அப்பாவின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஆர்வில் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். மூச்சு தொண்டையில் கரகரத்தது. வெளியே டுவெய்ன் எஞ்சினைக் கிளப்பி உறுமவிட்டான். மேஜைமேல் இருந்த கண்ணாடித் தம்ளர் நடுங்கியது.

"ஸ்டான் பாசெக்கோட மனைவி வந்திருக்காங்க," என்றாள் நாடீன்.

அவர் கண்ணை மூடவில்லை. அதற்காவது மூடியிருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

"மூணாவது கியர் விழலையாமே?"

ஆர்விலின் உதடுகள் அசைந்தன. அவள் குனிந்தாள். ஒரு வார்த்தைக்காகத்தான் குனிந்தாள். எந்த வார்த்தை என்று அவளுக்குத் தெரியும், அவருக்கும் தெரிந்திருக்கும். அவருடைய மூச்சில் பழைய காயத்தின் வாடை அடித்தது.

"டுவெய்ன்," என்றார். மூச்சை இழுத்தார். "டுவெய்ன்கிட்ட... சொல்லாதே."

அவ்வளவுதான். நாடீன் நிமிர்ந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். சல்லிக்காசு பெறாத மனுஷன், என்று நினைத்துக்கொண்டாள். சாகிற நேரத்திலும் பொய்க்குக் காவல் போடுகிறார், அதுவும் என்னையே. வெளியே எஞ்சின் மறுபடி மறுபடி உறுமியது. ஒவ்வொரு உறுமலுக்கும் நடுவே அப்பாவின் மூச்சைக் கேட்டாள். ஒரு இடைவெளியில் அது இல்லை. அடுத்த இடைவெளியிலும் இல்லை. அவள் எழுந்திருக்கவில்லை. டுவெய்ன் எஞ்சினை அணைக்கும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கதவைத் தள்ளிக்கொண்டு அவன் வந்தான். கையெல்லாம் கிரீஸ். "கேட்டாரா? சத்தத்தைக் கேட்டாரா?"

பிறகுதான் பார்த்தான். கட்டிலின் காலடியில் முழங்காலிட்டுக் குழந்தை மாதிரி அழுதான். போர்வையில் அவன் விரல்கள் கருப்பாகப் பதிந்தன.

"கேட்டார்," என்றாள் நாடீன்.

"ஏதாவது சொன்னாரா?"

வாசல்படியில் லொரெய்ன் வந்து நின்றிருந்தாள். அவளுடைய கண்ணும் நாடீனின் கண்ணும் சந்தித்தன.

"உன் பேரைத்தான் சொன்னார்," என்றாள் நாடீன்.

இறுதிச்சடங்கு நிலையத்து ஆட்கள் மதியம் ஒரு மணிக்கு வந்தார்கள். கறுப்புக் கோட்டு போட்ட இருவர். ஷெவெல் வழியை அடைத்து நின்றதால், சவ வண்டியைத் தெருவிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. ஆர்விலைத் துணியால் மூடி, பட்டை போட்டு இறுக்கி, வாசல் தாழ்வாரம்வரை தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். அங்கே மூத்தவர் நின்றார்.

"எழுபதா?" என்று டுவெய்னைப் பார்த்துக் கேட்டார்.

"எழுபது. எஞ்சின்கூட மாத்தல."

"அடேயப்பா." அவர் படியிறங்கிப் போய், கையுறையைக் கழற்றிவிட்டுப் பட்டையைத் தடவிப் பார்த்தார். மற்றவரும் பின்னாலேயே போனார்.

"எங்கப்பாவோட வண்டி," டுவெய்னின் குரல் உடைந்தது. "இதோ, எங்கக்காவுக்கு ஆபரேஷன் பண்றதுக்காக வித்துட்டார். உயிரையே வித்த மாதிரி வித்தார்."

இருவரும் திரும்பி நாடீனைப் பார்த்தார்கள். பார்வை முகத்தில் இல்லை. இடுப்புக்குக் கீழே இருந்தது. மூத்தவர் தலையை மெல்ல அசைத்தார். "அந்தக் காலத்து மனுஷங்க," என்றார்.

லொரெய்ன் வாயைத் திறந்தாள். நாடீன் அவளைப் பார்த்து வேண்டாமென்று தலையசைத்தாள், மிக லேசாக. சவ வண்டிக்கு வழிவிட லொரெய்ன் டுவெய்னிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு காரில் ஏறினாள்.

மூன்று ஆண்களும் தெருப்பக்கம் ஓடினார்கள். ஒருவர் இடதுபக்கம், ஒருவர் வலதுபக்கம், டுவெய்ன் பின்னால். "வாங்க, வாங்க... இன்னும் கொஞ்சம்... ஒடிங்க, பாத்து, பாத்து, கீறல் விழுந்துறப்போகுது" என்று கைகளை ஆட்டினார்கள். நாற்பது வருஷம் பள்ளிப் பேருந்தைப் பின்னால் எடுத்தவள், அவர்களைப் பார்க்காமல் கண்ணாடியை மட்டும் பார்த்துக் காரை எடுத்தாள்.

தாழ்வாரத்தில் ஸ்ட்ரெச்சர் நின்றது. காற்று அடித்தது. மூடியிருந்த துணியின் ஓரம் பிரிந்து படபடத்தது. நாடீன் அதை உள்ளங்கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவர்கள் வரும்வரை நின்றாள்.