முன்னால் யாரும் இல்லாத பாதை

...இடமா வலமா என்று கேட்டால் அவளுக்குத் தெரியாது, பதினோரு முறை வந்த பாதைதான், பதினோரு முறையும் பாதை இரண்டாகப் பிரியும் இந்த இடத்தில் திரும்பியிருக்கிறாள், ஆனால் எந்தப் பக்கம்? சைக்கிளை நிறுத்தி ஒரு காலை ஊன்றிக்கொண்டாள். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மரங்கள், ஒரே மாதிரி உதிர்ந்த இலை. கண்ணைக் கட்டிக் காட்டில் விட்ட மாதிரி என்பார்களே, கட்டவே வேண்டாம் போலிருக்கிறது, கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே தொலைந்து போகலாம். ஞாபகத்தைத் துழாவினால் வருவதெல்லாம் முன்னால் ஓட்டிப் போகும் கணவரின் முதுகுதான். சேறு தெறித்து நடுமுதுகில் கோடு விழுந்த சட்டை, ஏற்றம் வந்தால் இறங்கும் வலது தோள், பள்ளம் வந்தால் பின்னால் நீட்டிக் காட்டும் இடது கை... கை காட்டினால் பிரேக் பிடிப்பாள், தோள் இறங்கினால் கியர் மாற்றுவாள், முதுகு திரும்பினால் இவளும் திரும்புவாள். பத்தொன்பது வருஷம். சைக்கிள் கூட்டத்தில் அவளுக்கு வால் என்றே பெயர். ‘சர்வேயர் வந்தாச்சு, வால் எங்கப்பா?’ என்று கேட்பார்கள், சிரிப்பாள், வாலுக்குச் சிரிக்க என்ன குறைச்சல். நில அளவைக்காரரின் மனைவி நிலத்தையே பார்க்காமல் இத்தனை மலை ஏறி இறங்கியிருக்கிறாள் என்று யாருக்காவது தெரிந்தால் அப்போது சிரிப்பார்களா?

அவர் இருந்திருந்தால்... இருக்கிறார், அதற்கென்ன, மலைக்கு மேலே அந்தப் பழைய ஊரின் கோட்டை வாசலில், வேனை நிறுத்திவிட்டு மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். ஆனைக்கும் அடி சறுக்கும், அவருக்குச் சறுக்கியது இந்த மாதிரி காட்டில்கூட இல்லை, சொந்த வீட்டுக் குளியலறையில். முழங்காலைத் திறந்து மூடிய டாக்டர், தாராளமா சைக்கிள் ஓட்டலாம் என்றாராம், இவருக்கு முகமெல்லாம் மலர்ந்துபோச்சு, அப்புறம் டாக்டர் முடித்தார், ‘வீட்டுக்குள்ள ஒரே இடத்துல நிக்கிற சைக்கிள்.’ அன்றைக்கு இரவு அவர் சாப்பிடவில்லை. புத்தகம் பாதியில் நிற்கிறதே என்றார். எட்டுப் பாதைகள், ஆற்றுப் பள்ளத்தாக்கும் காடும் பழைய ஊர்களுமாக, எங்கே திரும்புவது, எங்கே தண்ணீர் கிடைக்கும், எங்கே இறங்கித் தள்ள வேண்டும் என்று எல்லாம் எழுதி, ஏழு பாதை முடிந்துவிட்டது. எட்டாவதையும் முடித்துத்தான் வைத்திருந்தார், அதற்குள் போன மழையில் வெள்ளம் வந்துவிட்டது. காட்டோடைக்கு மேலே தொங்கும் அந்தக் கம்பிப் பாலம் நிற்கிறதா, பலகை எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்தால்தான் அச்சுக்குக் கொடுக்க முடியும் என்று பதிப்பாளர் சொல்லிவிட்டார். ‘நான் போறேன்’ என்று சொன்னது தன் வாய்தானா என்று அவளே திரும்பிப் பார்த்தாள். அவர் முழங்காலைத் தடவிக்கொண்டார். அப்புறம், ‘உனக்குத்தான் வழி தெரியுமே’ என்றார்.

வழி தெரியுமே! இலைமேல் டயர் தடம் ஏதாவது தெரிகிறதா என்று குனிந்தபோது போன் அடித்தது. எடுத்ததும், ‘என்ன, பாலம் தாண்டிட்டியா?’ மீட்டரைப் பார்த்தாள், பன்னிரண்டு கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது, அவர் கணக்குப்படி இந்நேரம் பாலம் தாண்டியிருக்க வேண்டும், இந்த மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டே அவளுக்கு முன்னால் ஓட்டிக்கொண்டிருக்கிறார்... இல்லை, நான் இன்னும் பிரியிற இடத்துல நிக்கிறேன், எந்தப் பக்கம்னு மறந்துபோச்சு, இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? ‘தாண்டிட்டேன்’ என்றாள். ‘பலகை எல்லாம்?’ ‘நல்லா இருக்கு.’ ‘சரி, பாத்து வா’, அவ்வளவுதான், வைத்துவிட்டார். ஏன் சொன்னேன்? அச்சகத்தில் இருபத்திரண்டு வருஷமாகப் புரூஃப் பார்க்கிறவள், ஒரு புள்ளி விட்டுப்போனால் இரவில் தூக்கம் வராதவள், இவ்வளவு பெரிய பொய்யை இவ்வளவு சுலபமாக... திரும்பக் கூப்பிட்டுச் சொல்லிவிடலாம். கூப்பிட்டால் அவர் சொல்வார், சரி பரவாயில்லை, இந்தப் பக்கம் திரும்பு, நூறு மீட்டர்ல ஒரு பாறை, அப்புறம் அந்தப் பக்கம்... போனுக்குள்ளிருந்து அந்த முதுகு எழுந்து வந்து முன்னால் ஓட்டும். இன்றைக்கு ஒருநாள் வேண்டாமே. பாலத்தை இப்போதே போய்ப் பார்த்துவிட்டால் பொய் தானாகவே மெய்யாகிவிடும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, இறங்குகிற பக்கம் எதுவோ அந்தப் பக்கம் திருப்பினாள், இடது.

தப்பு என்று பத்து நிமிஷத்தில் தெரிந்துவிட்டது, இவ்வளவு இறக்கம் அந்த வழியில் கிடையாது, தொடைகளுக்கு அது ஞாபகம் இருந்தது. நின்றிருக்கலாம். நிற்கவில்லை. மரங்கள் விலகிக்கொண்டே போக, சீட்டை விட்டு எழுந்து பெடல் மேல் நின்றபடி, முழங்கைகளைத் தளர்த்தி, வேர்கள் கடகடவென்று கைகளுக்குள் ஓட, எங்கே பிரேக் பிடிப்பது என்று யாரும் கை நீட்டிச் சொல்லவில்லை, அவளே பிடித்தாள், அவளே விட்டாள், ஒரு வளைவு, இன்னொன்று, அதற்கப்புறம் சட்டென்று ஆறு. அதுபாட்டுக்குக் கிடந்தது. அகலமாக, அவசரமே இல்லாமல், நடுவில் ஒரு மணல் திட்டில் நாணல். மேலே பாதையிலிருந்து தெரியும் இந்த ஆற்றைத்தான் பதினோரு முறை பார்த்ததாகச் சொல்லிக்கொண்டிருந்தாளா? இவ்வளவு பச்சையாகவா இருந்தது அப்போதும்? அவருக்குத் தெரிந்திருக்கும், அவர் பார்த்திருப்பார், வீட்டுக்குப் போனதும் ஆறு இன்னிக்கு எப்படி இருந்துச்சு பாத்தியா என்பார், ஆமா என்பாள். அதுவும் பொய்தானே, அதை என்றைக்காவது கணக்கில் சேர்த்தாளா?

கரையில் கல்லில் நட்ட அளவுக்கம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு பெண் ரப்பர் காலணியோடு குனிந்து, கம்பத்தில் ஒட்டிய பாசியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். நீர்மட்டம் குறிக்கிறவளாம், காலையில் ஒருமுறை சாயங்காலம் ஒருமுறை, பதினாலு வருஷமாக இந்த ஒரே கம்பத்தைப் பார்க்கிறாளாம். ‘வழி தவறி வந்துட்டீங்களா?’ ‘ஆமாங்க, தொங்குபாலத்துக்குப் போகணும்.’ ‘பாலமா? நல்லவேளை வழி தவறினீங்க. வெள்ளத்துல அந்தக் கோடியில பலகை எல்லாம் அடியில பாதி அரிச்சுப் போயிடுச்சு. பாசி படிஞ்சு கிடக்கும், மேல இருந்து பாத்தா முழுசா இருக்கிற மாதிரிதான் தெரியும்.’ அவள் கைகள் ஹேண்டிலில் அப்படியே நின்றுவிட்டன. நல்லா இருக்கு என்று சொன்னாளே. அவர் உடனே குறித்திருப்பார், அவர் வழக்கம் அது, கேட்டதைக் கேட்ட நிமிஷம் எழுதுவார், எழுதியது அச்சாகும், யாரோ ஒருவர், இரண்டு பேர், புத்தகத்தை நம்பி... ‘தனியாவா வந்தீங்க?’ என்று அந்தப் பெண் கேட்டது இரண்டாவது முறைதான் காதில் விழுந்தது. ‘ஆமா’ என்றாள். ‘கூட்டமா வர்றவங்க யாரும் இந்தப் பக்கம் இறங்கறதே இல்ல. ஓடை வந்து ஆத்துல சேர்ற இடத்துல கணுக்கால் அளவுதான் தண்ணி, தள்ளிக்கிட்டே தாண்டிடலாம். அதுக்கு மேல புல்லுச் சரிவு, நேரா கோட்டை வாசல்.’ போனை எடுத்துப் பார்த்தாள், பள்ளத்துக்குள் சிக்னல் ஒரு கோடுகூட இல்லை. இனி போய்ச் சேர்ந்துதான் சொல்ல வேண்டும், முகத்துக்கு நேராக.

ஓடைத் தண்ணீர் சில்லென்று காலைக் கவ்வியது. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடக்கும்போது வார்த்தைகளை அடுக்கிப் பார்த்தாள், நான் பாலத்துக்குப் போகவே இல்லை... இல்லை, முதலில் பலகை போய்விட்டது என்று சொல்லிவிட்டு அப்புறம்... எப்படி எழுதித் திருத்தினாலும் அந்த வாக்கியம் கோணலாகவே நின்றது. அக்கரையில் மறுபடி காடு கொஞ்ச தூரம், மெத்தை மாதிரி மண், அங்கே ஒரு விசித்திரம், பயம் பாட்டுக்கு ஒரு பக்கம் இருக்க, கால்கள் பாட்டுக்குச் சந்தோஷமாக மிதித்தன. வெட்கம் கெட்ட கால்கள். மரங்கள் முடிந்து புல்சரிவு திறந்துகொண்டது, மேலே அந்த ஊர், இடிந்த மதில், மதிலுக்கு மேல் ஓட்டுக் கூரைகள், மணிக்கூண்டு. மேலே ஏறும் முன் பாதை ஒரு பள்ளத்துக்குள் நீளமாக இறங்கியது, யோசிக்காமல் எழுந்து நின்று விட்டாள் ஒரு விடு, காற்று சட்டையை உப்ப வைத்தது, வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, பாட்டா கூச்சலா, யார் கேட்கப் போகிறார்கள்... அப்புறம் ஏற்றம், நாக்கு வெளியே தள்ளும் ஏற்றம், சின்ன கியர், இன்னும் சின்ன கியர், மூச்சு மட்டும், கல் பாவிய தெரு, வாசல் வளைவு, நாற்காலி, அவர்.

அவர் எழுந்திருக்க முயன்றார், ஊன்றுகோல் கல்லில் வழுக்கியது, இவள் சைக்கிளை அப்படியே சாய்த்துவிட்டு ஓடிப் பிடித்தாள். பிடித்த கையை விடாமலே சொன்னாள். ‘பாலத்துப் பக்கம் நான் போகவே இல்ல. உங்ககிட்ட பொய் சொன்னேன். பலகை போயிடுச்சாம், அதைப் புத்தகத்துல போட்டுடாதீங்க.’ மூச்சு வாங்கியது. ‘வழி தெரியல எனக்கு. எப்பவுமே தெரிஞ்சதில்ல.’ அவர் நோட்டைத் திறந்து காட்டினார். பாலம் என்று எழுதி, எதிரே நல்ல நிலை என்று எழுதி, அதைக் குறுக்கே ஒரே கோடாக அடித்திருந்தார். ‘பாலத்து வழியில வர்றவங்க அந்தக் காட்டுக்குள்ளேருந்துதான் வெளிய வரணும்’ என்று வலது பக்கம் காட்டினார். ‘நான் அங்கயே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். பாத்தா, ஆத்துப் பக்கத்துலேருந்து நீ வர்ற.’ ‘அப்ப ஏன் கூப்பிடல? சரிவுல சிக்னல் இருந்திருக்குமே.’ ‘கூப்பிட்டா நின்னுடுவியே’ என்றார் அவர்.

அவர் குரலில் கோபம் இல்லை. கோபத்துக்காகத் தயார் செய்துகொண்டு வந்த பதில்களை எல்லாம் எங்கே வைப்பது என்று தெரியாமல், ஹெல்மெட்டைக் கழற்றினாள், தண்ணீர் குடித்தாள், மிச்சத்தை முகத்தில் ஊற்றிக்கொண்டாள். அவர் இன்னும் சரிவையே பார்த்துக்கொண்டிருந்தார். ‘இறக்கத்துல எழுந்து நின்னு ஓட்டறியே, எப்பவும் அப்படித்தானா?’ ‘எப்பவும் அப்படித்தான்.’ ‘பத்தொன்பது வருஷமாவா?’ ‘ஆமா.’ ‘நான் பாத்ததே இல்ல’ என்றார், மெதுவாக, யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொள்வது போல. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவருக்கு முன்னால் எப்போதும் பாதை மட்டும்தான். தூங்கும்போது யாரோ பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று விடிந்ததும் தெரிந்தால் வருமே, அந்த மாதிரி ஒரு கூச்சம் கழுத்துவரை ஏறியது. அந்தக் கூச்சல் கேட்டிருக்குமா? அதை அவரிடம் கேட்கக் கூடாது என்று நினைத்தாள், ஆனால் வேறொன்றைக் கேட்டுவிட்டாள். ‘எப்படி இருந்துச்சு, பாக்க?’ அவர் சரிவை ஒருமுறை கண்ணால் அளந்தார், அளக்காமல் எதையும் சொல்கிறவர் இல்லை. ‘தெரியாத ஆள் மாதிரி இருந்துச்சு’ என்றார். அப்புறம், ‘நல்லா ஓட்டற ஆள்.’ மணிக்கூண்டில் மணி அடித்தது. முதலில் சொன்னதற்கு வருத்தப்பட வேண்டுமா, அடுத்ததற்குச் சந்தோஷப்பட வேண்டுமா என்று அவளுக்குப் புரியவில்லை, இரண்டையும் சேர்த்து வைத்தால் என்ன வருகிறது? தெரியாத ஆள்... அப்படியானால் இத்தனை வருஷம் தனக்குப் பின்னால் யார் வருவதாக இவர் நினைத்துக்கொண்டிருந்தார், வந்தவள்தான் தன்னை யாரென்று நினைத்துக்கொண்டு வந்தாள்...