டப்பாவில் கிடந்த கதை

வாரத்தில் ஆறு நாள் நான் அடுத்தவர் வாயைப் பார்த்துப் பிழைப்பவள். பல் டாக்டர் குடையும்போது பக்கத்தில் நின்று, எச்சிலை உறிஞ்சும் குழாயைப் பிடித்துக்கொள்வது என் வேலை. சொத்தை, சீழ், முந்தாநாள் தின்றது, எல்லாம் பார்த்தாயிற்று. ஒரு நாளும் குமட்டியதில்லை. எனக்குக் குமட்டுவது ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், எங்கள் எழுத்தாளர் வட்டத்தில்தான்.

வட்டம் என்று பேர், மொத்தம் ஏழு பேர். கூடுவது ஒரு டிரைவிங் ஸ்கூல் வகுப்பறையில். சுவர் முழுக்கத் திரும்பாதே, முந்தாதே, ஒலி எழுப்பாதே என்று பலகைகள். அந்தக் கடைசிப் பலகையை எங்களில் ஒருவராவது மதித்திருந்தால் எவ்வளவோ புண்ணியம். ஸ்கூல் ஓனர் இடம் தருகிறார் என்பதற்காக அவர் கதைகளைப் பொறுத்துக்கொள்கிறோம். அவர் கதையில் யார் யாரைக் காதலித்தாலும் மூன்றாம் பக்கத்தில் பிரேக் பிடிக்காது. மருந்துக்கடைக்காரர் கவிதை எழுதுவார். தலைவர், தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். துண்டுச் சீட்டைக்கூடத் தூக்கி எறியமாட்டார்.

எங்களுக்கு ஒரு விதி உண்டு. எழுதியதில் பேர் போடக் கூடாது. டைப் அடித்து, மடித்து, மேசையில் இருக்கும் பிஸ்கட் டப்பாவில் போட்டுவிட வேண்டும். யாராவது ஒருவர் கைவிட்டு எடுத்து வாசிப்பார். பிறகு ஆளாளுக்குக் கருத்துச் சொல்வார்கள். சொல்லச் சொல்ல அத்தனை பேரும் நோட்டில் குறித்துக்கொள்ள வேண்டும். எழுதியவர் மட்டும் குறித்தால் குட்டு வெளிப்பட்டுவிடுமே. இவ்வளவு கட்டுப்பாடு இருந்தும், தன் கவிதையை யாராவது வாசித்தால் மருந்துக்கடைக்காரர் முதல் ஆளாகக் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

இவ்வளவு வயிற்றெரிச்சலோடு ஏன் போகிறாய் என்று கேட்கலாம். என் கதையை நாலு பேர் நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கேட்கத்தான். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அந்த ஞாயிறு என் அக்காவையும் கூட்டிக்கொண்டு போனேன். புருஷனை விட்டுவிட்டு என்னிடம் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதுவரை வாசற்படி தாண்டவில்லை. முன்பல் இரண்டு இல்லை என்று கையால் வாயை மூடிக்கொண்டுதான் பேசுவாள். பல் கட்டிக்கொள்ள எங்கள் கிளினிக்குக்கே வர மறுத்தவள், "கதை படிக்கிற இடமா? அப்ப வரேன்" என்று தானாகச் சொன்னாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. இன்றைக்கு ஒரு நாள் நல்லபடியாகப் போனால் போதும், மெல்ல மெல்ல வெளி உலகத்துக்கு வந்துவிடுவாள் என்று நினைத்தேன்.

ஒரே ஒரு பயம்தான் இருந்தது. நாலு மாதம் முன்பு அவள் கதையை எழுதி அந்த டப்பாவில் போட்டிருந்தேன். அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அது யார் கையிலும் அகப்படாமல் அடியிலேயே கிடந்தது. முந்தின வாரம் மேசையில் புது டப்பாவைப் பார்த்ததும் தலைவரிடம் நைசாகக் கேட்டேன்.

"சார், பழைய டப்பா என்னாச்சு?"

"தூக்கிப் போட்டுட்டேம்மா. துரு பிடிச்சுப் போச்சு."

அதன் பிறகுதான் நிம்மதியாக அக்காவை அழைத்தேன்.

புதிதாக வருபவர்களுக்கு முதல் தாளை எடுக்கும் மரியாதை உண்டு. தலைவர் டப்பாவை அக்காவிடம் நீட்டினார். அவள் ஒரு கையால் வாயை மூடிக்கொண்டு, இன்னொரு கையால் எடுத்துப் பிரித்தாள். தாளின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. எங்கள் கிளினிக் பிரிண்டர் போடும் கோடு அது. என் கதையேதான். தலைவர் பக்கம் திரும்பினேன்.

"சார், டப்பாவைத் தூக்கிப் போட்டேன்னு சொன்னீங்களே?"

"டப்பாவைத்தாம்மா போட்டேன். எழுத்தைப் போடுவாங்களா யாராவது? எல்லாத்தையும் பத்திரமா இதுல மாத்தி வெச்சிட்டேன்" என்றார் பெருமையாக.

"அக்கா, குடு, நான் வாசிக்கிறேன்" என்று கை நீட்டினேன்.

"விதி விதிதாம்மா" என்று தலைவர் என்னை அடக்கினார்.

அக்கா வாசித்தாள். வெள்ளிக்கிழமைதோறும் பெண்டாட்டியை எடை மிஷினில் ஏற்றி நிறுத்தி, காலண்டரில் குறித்துவைக்கும் புருஷன். முள் கொஞ்சம் ஏறிவிட்டால் அன்று சமையலறைக்குப் பூட்டு. சாவி அவன் சட்டைப்பையில். இரண்டாம் பக்கத்தில், பசி பொறுக்காமல் அவள் உள்ளே நுழையப் பார்க்க, அவன் அறைந்து சாத்திய கதவில் பல் போனது. மூன்றாம் பக்கத்தில் தங்கை. வாசல் மணி ஒரு தரம் அடித்ததுமே ஓடிவந்து கதவைத் திறந்து, அக்காவை அப்படியே அள்ளி அணைத்துக்கொள்கிறாள். அந்த இடத்தில் அக்காவின் குரல் ஒரு விநாடி நின்றது. பிறகு கடைசி வரி வரை வாசித்து, தாளை மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

மருந்துக்கடைக்காரர் ஆரம்பித்தார். "எந்த மனுஷனாவது பொண்டாட்டிய எடை போடுவானா? நம்பற மாதிரி இல்ல."

"அந்தப் பொம்பளையும் சரியான மண்ணு. திருப்பி நாலு கேள்வி கேக்க வேணாம்? எனக்கு அவ மேல பரிதாபமே வரலை" என்றார் ஸ்கூல் ஓனர்.

"பல்லு போறதெல்லாம் சினிமாத்தனம்" என்றது பின் வரிசை.

பேனாக்கள் நோட்டில் கிறீச்சிட்டன. அக்காவின் கை வாயை விட்டு இறங்கவில்லை. பக்கத்திலேயே அந்தப் பல் இல்லாத வாய் இருக்கிறது, இவர்கள் சினிமாத்தனம் என்று எழுதிக்கொள்கிறார்கள். எழுந்து நின்று அத்தனை பேரையும் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கலாம். கேட்டால் நான்தான் எழுதினேன் என்று தெரிந்துவிடும். உட்கார்ந்தே இருந்தேன். நானும் எழுதிக்கொண்டேன்.

தலைவர் தொண்டையைச் செருமினார். "என்னைக் கேட்டா, முடிவுல அந்த அக்கா செத்துப்போகணும். அப்பதான் மனசுல நிக்கும். ஆனா அந்தத் தங்கச்சி கேரக்டர் இருக்கே, தெய்வம்! அதை எழுதின கைக்கு மோதிரம் போடலாம்."

நாலு மாதமாக இதைக் கேட்கத்தான் காத்திருந்தேன். இப்போது கேட்டபோது, கிளினிக் எச்சில் வாளியை எடுத்து யாரோ என் வாயில் கவிழ்த்த மாதிரி இருந்தது. அதைவிட அருவருப்பு, அந்தப் பாராட்டில் உள்ளுக்குள் ஒரு துளி இனித்ததுதான்.

"வாசிச்சவங்க கருத்து?" என்றார் தலைவர்.

அக்கா வாயிலிருந்து கையை எடுத்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக, ஏழு பேர் எதிரே.

"கதை நல்லாத்தான் இருக்கு. புருஷன் சரியா வந்திருக்கான். தங்கச்சிதான் சரியா வரலை."

"ஏம்மா?"

"அவ வீட்டுக் கதவு முதல் தடவை தொறக்கலை. 'எல்லா வீட்லயும் இருக்கறதுதான், அனுசரிச்சுப் போ'ன்னு உள்ள இருந்தே சொல்லி, டாக்சி கூப்பிட்டுத் திருப்பி அனுப்பிட்டா. ஆறு மாசம் கழிச்சு வந்தப்பதான் தொறந்தா." மடியில் இருந்த தாளை எடுத்து மேசையில் வைத்தாள். "முதல் தடவை வந்தப்ப பல்லெல்லாம் இருந்துச்சு."

உண்மை. ஓர் எழுத்துக்கூடப் பொய்யில்லை. அன்று விருந்தாளிகள் வந்திருந்தார்கள், அவர்கள் எதிரில் மானம் போகுமே என்று பார்த்தேன். கதையில் அந்த முதல் தடவையை அப்படியே விழுங்கிவிட்டேன்.

"அபாரம்!" என்று தலைவர் மேசையைத் தட்டினார். "இதுதான் வாசகர் பார்வை! இப்ப தங்கச்சி கேரக்டருக்கு ஒரு கனம் வந்துடுச்சு பாருங்க. எழுதினவங்க யாரா இருந்தாலும் கண்டிப்பா சேர்த்துக்கணும். எல்லாரும் குறிச்சுக்கோங்க."

எல்லாரும் குனிந்து குறித்தார்கள். நானும் குனிந்தேன். 'முதல் தடவை. கதவு திறக்கவில்லை. பல் இருந்தது' என்று எழுதினேன்.

அக்கா என் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"கதவுல சங்கிலி போட்டிருந்துச்சு. இடுக்கு வழியா உன் முகம் பாதிதான் தெரிஞ்சுது" என்றாள் எனக்கு மட்டும் கேட்கும்படி. "அதையும் எழுதிக்கோ."